ஃபால்ஸ் சீலிங் போட்டா கறை மறையும், தண்ணி கசியறது நிக்காது

இந்த வாரம் வந்த கடிதம் கொஞ்சம் நீளம். எழுதினவங்க பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால சுருக்கி என் வார்த்தையில சொல்றேன்.

சிங்கப்பூர்ல, அங் மோ கியோ பக்கம் 1982ல கட்டின ஒரு நாலறை மறுவிற்பனை வீடு வாங்கியிருக்காங்க. கணவன், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, 68 வயசு மாமியார். மாமியாருக்கு மூட்டு வலி. எழுதினது மனைவி. சாவி வாங்கியாச்சு, இப்போ இருக்குற வாடகை வீட்டுக்கு மாசம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போயிட்டிருக்கு, தீபாவளிக்குள்ள குடிபோகணும்னு ஆசை. கையில ரொக்கம் 52,000. மூணு கொட்டேஷன் வாங்கியிருக்காங்க: 41,500, 58,000, 76,000. மூணாவது ஒரு டிசைன் கம்பெனி, அவங்க போட்டுக் காட்டுன முப்பரிமாணப் படத்தைப் பாத்து மயங்கி 2,000 வெள்ளி முன்பணமும் குடுத்துட்டாங்க. நண்பர் ஒருத்தர் அரசாங்கம் புதுசா கட்டிக் குடுக்கற பிடிஓ வீட்டை 40,000க்குள்ள முடிச்சாராம், நமக்கு ஏன் முடியாதுங்கறது கணவரோட கேள்வி. பேங்க்ல 30,000 ரினவேஷன் லோன் எடுக்கலாம், பத்தலைன்னா சிபிஎஃப்ல, அதாவது மத்திய சேமநிதியில எடுக்கலாம்னு ஒரு கணக்கு. கடைசியில போறபோக்குல ஒரு வரி எழுதியிருந்தாங்க: "குளியலறை சீலிங்ல ஒரு பழுப்புக் கறை இருக்கு, டிசைனர் ஃபால்ஸ் சீலிங் போட்டா தெரியாதுன்னு சொல்லிட்டார்."

சகோதரி, உங்க கடிதத்துல முக்கியமான வரியே அந்தக் கடைசி வரிதான். நான் சிவில் எஞ்சினியர், இந்தப் பழைய வீட்டு வேலைகளை மேற்பார்வை பாத்தே பாதி வயசு போச்சு, அதனால பதிலை அங்கேருந்தே ஆரம்பிக்கறேன், பணத்துக்கு அப்புறம் வர்றேன்.

அந்தக் கறை

குளியலறை சீலிங்ல பழுப்புக் கறைன்னா பெரும்பாலும் மேல் வீட்டுக் குளியலறைத் தரையில வாட்டர்ப்ரூஃபிங் தேஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். தண்ணி சொட்டு சொட்டா இறங்கி கான்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பிக்குப் போகுது, கம்பி துருப்பிடிச்சு உப்புது, உப்பினா கீழ இருக்குற கான்கிரீட்டைத் தள்ளி உடைக்குது. இன்னைக்கு கறையா இருக்குறது நாளைக்கு பொறுக்கு பொறுக்கா உதிரும். இதுக்குக் கீழ ஒரு பலகையை அடிச்சு மறைச்சா என்ன ஆகும், உங்களுக்குத் தெரியாமலே உள்ள நடந்துட்டே இருக்கும், அப்புறம் ஒரு நாள் அந்தப் பலகையே ஊறித் தொங்கும். அந்த டிசைனர் சொன்னது வேலை தெரியாம சொன்னதா, தெரிஞ்சே சொன்னதான்னு எனக்குத் தெரியாது, ரெண்டுமே உங்களுக்கு நல்லதில்ல.

சரி என்ன செய்யணும். முதல்ல மேல் வீட்டுக்குப் போய் மரியாதையா பேசுங்க, சண்டைக்குப் போகாதீங்க, அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அப்புறம் எச்டிபி, அதாவது உங்க வீட்டைக் கட்டின வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தோட கிளையில சொல்லுங்க, வந்து பாப்பாங்க. இந்த மாதிரி சீலிங் கசிவுக்கு எச்டிபி ஒரு உதவித் திட்டம் வச்சிருக்கு, அவங்க மூலமா ரிப்பேர் செஞ்சா பாதிச் செலவை எச்டிபி ஏத்துக்கும், மீதிப் பாதியை மேல் வீடும் கீழ் வீடும் பங்கு போட்டுக்கணும். "மேல் வீட்டுக்காரர்தானே தப்பு, நான் ஏன் காசு குடுக்கணும்"னு உங்க வீட்டுக்காரர் கேப்பார், கேக்கட்டும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்குற தளம் ரெண்டு பேருக்கும் பொதுன்னுதான் அங்க கணக்கு. கால் பங்கு குடுத்துட்டு நிம்மதியா இருக்குறது, வழக்கு பேசிக்கிட்டே ஒரு வருஷம் நனையறதைவிட மேல். இது முடியற வரைக்கும் அந்தக் குளியலறை சீலிங்கைத் தொடவே விடாதீங்க.

இதே கதை உங்க தரைக்கும் பொருந்தும், உங்க குளியலறைக்குக் கீழயும் ஒரு குடும்பம் இருக்கு. ரெண்டு குளியலறையிலயும் பழைய தரை ஓடுகளை எடுத்துட்டு வாட்டர்ப்ரூஃபிங் புதுசா போடற அன்னைக்கு, மேல ஓடு ஒட்டறதுக்கு முன்னாடி தண்ணி கட்டி ஒரு முழு நாள் விட்டுப் பாக்கச் சொல்லுங்க. அதை கொட்டேஷன்ல எழுத்துல வாங்குங்க. எழுத்துல இல்லைன்னா நடக்காது.

நண்பரோட 40,000

அவரோடது பிடிஓ, அதாவது புத்தம் புது வீடு. ஒயரிங் புதுசு, பைப் புதுசு, ஜன்னல் புதுசு, குளியலறை ஓடுகளையும் 3 வருஷத்துக்கு உடைக்கவே கூடாதுன்னு விதி, அதனால அந்தச் செலவே அவருக்கு வரல. அவர் 40,000 குடுத்து வாங்கினது பெரும்பாலும் அலமாரியும் அலங்காரமும்தான். நீங்க வாங்கியிருக்குறது நாப்பது வருஷத்துக்கு மேல ஆன வீடு, உங்க காசுல பாதி சுவருக்குள்ளயும் தரைக்குக் கீழயும் போயிடும், விருந்தாளி யாரும் பாத்து "அட"ன்னு சொல்ல மாட்டாங்க. இதை உங்க வீட்டுக்காரர் கிட்ட நான் சொன்னதாவே சொல்லுங்க.

ஒரு உதாரணம் மட்டும் சொல்றேன். ஷாக் அடிச்சா கரண்ட்டைத் துண்டிக்கற ஆர்சிசிபின்னு ஒரு பொருள் உண்டு. 1985 ஜூலைக்கு முன்ன கட்டின வீடுகள்ல அது இல்லாம இருக்கலாம், ஆனா இப்போ எல்லா வீட்டுலயும் கட்டாயம், பழைய வீடுகளுக்குக் குடுத்த அவகாசம் 2025 ஜூலையோட முடிஞ்சிடுச்சு. உங்களது 1982. மெயின் ஸ்விட்ச் இருக்குற டிபி பெட்டியைத் திறந்து பாக்கச் சொல்லுங்க, அதே சமயம் மெயின் ஸ்விட்ச் 30 ஆம்பியரா 40 ஆம்பியரான்னும் பாக்கச் சொல்லுங்க. நாலு ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர்னு லிஸ்ட் போட்டுருக்கீங்க, 30ல ஓடுமான்னு கேக்கணும். இதை லைசென்ஸ் வச்ச எலக்ட்ரீஷியன்தான் செய்யணும், பெயிண்ட் அடிக்க வர்றவரோட மச்சான் இல்ல.

உங்க கையில உண்மையில எவ்வளவு இருக்கு

முதல்ல சிபிஎஃப். முடியாது. வீடு வாங்க அதை எடுக்கலாம், ரினவேஷனுக்கு எடுக்க முடியாது, இதுல சந்து பொந்து எதுவும் கிடையாது. யாராவது வழி இருக்குன்னு சொன்னா அவங்க கிட்டேருந்து விலகி இருங்க.

லோன். ரினவேஷன் லோனுக்கு உச்ச வரம்பு 30,000 இல்லாட்டி மாசச் சம்பளத்துல 6 மடங்கு, எது குறைவோ அது. உங்க வீட்டுக்காரர் சம்பளம் 4,800ன்னு எழுதியிருக்கீங்க, அவர் ஒருத்தர் பேர்ல எடுத்தா 28,800தான் வரும். ரெண்டு பேரும் சேந்து எடுத்தா கணக்கு மாறும். இன்னொண்ணு, பல பேங்க்ல இந்தப் பணம் உங்க கைக்கு வராது, காண்ட்ராக்டர் பேருக்கு காசோலையாதான் போகும். சோஃபா, ஃப்ரிட்ஜ், திரைச்சீலைக்கெல்லாம் இந்த லோன் உதவாது. நீங்க போட்டுருக்குற பட்ஜெட்ல அதையெல்லாம் லோன்ல வாங்கறதா எழுதியிருக்கீங்க, அந்த வரியை அடிச்சிடுங்க.

5 பர்சென்ட் வட்டின்னு வச்சுக்குவோம், 5 வருஷத்துக்கு 30,000 எடுத்தா மாசம் சுமார் 566, 20,000 எடுத்தா 377. வீட்டுக் கடன் தவணையும் இருக்கு, பிள்ளைங்க ட்யூஷன் இருக்கு. நான் 20,000க்கு மேல போக வேண்டாம்னு சொல்வேன்.

இப்போ ரொக்கம் 52,000ஐ முழுசா வீட்டுல போடணும்னு நினைக்காதீங்க. மாசச் செலவு 4,500ன்னு சொல்றீங்க, நாலு மாசத்துக்கு 18,000 எடுத்துத் தனியா வைங்க, அதை மறந்துடுங்க. மிச்சம் 34,000. லோன் 20,000 சேத்தா 54,000. இதுல ஏசி, லைட்டு, ஃபேன், அடுப்பு, ஹீட்டர், கட்டில், வீடு மாத்தற லாரி இதுக்கெல்லாம் 10,000. பழைய வீடு, உடைச்சா உள்ள என்ன இருக்கும்னு யாருக்கும் தெரியாது, அதுக்கு 7,000. ஆக காண்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடற தொகை 37,000. நீங்க நெனைச்சது 80,000 பக்கம், நான் சொல்றது அதுல பாதிகூட இல்ல, கோவம் வரும்னு தெரியும்.

மூணு கொட்டேஷன்ல இருக்குற வித்தியாசம்

நீங்க அனுப்பின மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சேன். 41,500 மலிவுன்னு நெனைக்கறீங்க, அது ஒரே பக்கம், அதுல ஒயரிங் இல்ல, பைப் இல்ல, ஜன்னல் "ஓனர் பாத்துக்கணும்"னு இருக்கு, உடைச்ச குப்பையை அள்றதுக்குத் தனி. விட்டுப் போனதை எல்லாம் ரெண்டாவது கொட்டேஷன் விலைக்கே சேத்துப் பாத்தேன், 53,000 தாண்டுது. அதுல ஜிஎஸ்டி வேற இல்ல, "கேஷா குடுத்தா ஜிஎஸ்டி வேண்டாம்"னு சொன்னாராம். ஒரு கம்பெனி ஜிஎஸ்டிக்குப் பதிவு பண்ணியிருந்தா 9 பர்சென்ட் போட்டே ஆகணும், பதிவு பண்ணலைன்னா போடவே கூடாது. நடுவுல "வேண்டாம்னா விட்டுடலாம்"னு ஒண்ணு கிடையாது. ரசீது இல்லாம கேஷ் குடுத்துட்டு நாளைக்கு தகராறுன்னு வந்தா கையில என்ன வச்சுக்கிட்டுப் பேசுவீங்க?

76,000 கம்பெனி பத்தி பேசவே வேண்டாம், உங்க வரம்புக்கு ரெண்டு மடங்கு.

58,000 கொட்டேஷன்தான் ஒழுங்கா இருக்கு, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியா அளவோட போட்டுருக்கார். இவரை வச்சுக்கிட்டு வெட்டுங்க. டிவி சுவர் அலங்காரம், மேடைக் கட்டில், ரெண்டு அறை அலமாரி, இது சேத்து 11,500. பிள்ளைங்க வளர்ற வயசு, இன்னைக்கு அடிக்கற கட்டில் நாலு வருஷத்துல பத்தாது, கடையில வாங்குன அலமாரின்னா நகத்தவாவது செய்யலாம். ஃபால்ஸ் சீலிங் 3,800, வேண்டாம். பழைய வீட்டு சீலிங் உயரத்துக்கு அது இன்னும் தாழ்வாத்தான் தெரியும், கூடவே மேல என்ன உதிருதுன்னு பாக்கவும் முடியாது. சமையலறைச் சுவரை உடைச்சு ஓப்பன் கிச்சன், 2,600. இதுக்கு வர்றேன். மொத்தம் 17,900 போச்சுன்னா 40,100 நிக்குது. இன்னும் 3,000 இடிக்குது. படுக்கையறைகள்ல இருக்குற பழைய பார்க்கே மரத்தரையை உடைக்கச் சொல்லியிருக்கீங்க, ஆனா ஃபோட்டோல பாத்தா நல்லாத்தான் இருக்கு, சீவி பாலிஷ் போட்டா இன்னும் பல வருஷம் வரும். அந்த அளவுள்ள மரத்தரைக்கு இப்போ யாரும் ஆசைப்பட்டாலும் லேசுல கிடைக்காது. அதை விட்டா 37,000 பக்கம் வந்துடுவீங்க.

ஒருவேளை ஹால்ல பழைய ஓட்டுமேலயே புது ஓடு ஒட்டலாம்னு யாராவது சொன்னா, எச்டிபி வீட்டுல சிமெண்ட் பூச்சையும் சேத்து தரையோட மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஏற்கெனவே ஒரு தடவை ஒட்டியிருந்தா இடமே இருக்காது. ஒரு காசை எடுத்து ஓட்டுமேல தட்டிக்கிட்டே நடங்க, டொக்குன்னு காலியா சத்தம் வர்ற இடத்துமேல எதையும் ஒட்டாதீங்க.

ஓப்பன் கிச்சன்

உங்களுக்கு வேணும், மாமியாருக்கு வேண்டாம். நான் யார் பக்கம்னா, வெளிப்படையா சொல்றேன், மாமியார் பக்கம். மீன் பொரிச்சு, வத்தல் தாளிச்சு சமைக்கற வீட்டுல சுவரை எடுத்துட்டா அந்த வாசம் சோஃபாவுக்கும் பிள்ளைங்க யூனிஃபார்முக்கும் போகும், புகை இழுக்கற ஹூட் எவ்வளவு பெருசா வச்சாலும் போகும். ஆனா உங்க வீடு, உங்க முடிவு. சட்டம் என்னன்னா, "எங்க வீட்டுச் சுவர் நாங்க உடைக்கறோம்"னு முடியாது, எச்டிபி பெர்மிட் வேணும், அது செங்கல் சுவரா, கட்டடத்தைத் தாங்குற கான்கிரீட் சுவரான்னு முதல்ல பாக்கணும், தாங்குற சுவருன்னா பேச்சே இல்ல. பெர்மிட் இல்லாம உடைச்சா பிரச்சினை காண்ட்ராக்டரோட நிக்காது, பழையபடி கட்டற செலவு உங்க தலையிலதான். மாமியாரும் நீங்களும் ஒத்துப்போகணும்னா நடுவுல ஒரு கண்ணாடிச் சறுக்குக் கதவு போடலாம், அதை அடுத்த வருஷம் போட்டாலும் குடி முழுகாது.

பணத்தை எப்படிக் குடுக்கறது

இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. முதல் காண்ட்ராக்டர் 40 பர்சென்ட் முன்பணம் கேட்டாராம், "இன்னைக்கே கையெழுத்துப் போட்டா சமையலறை டாப் இலவசம்"னாராம். இன்னைக்கே போடணும்னு எவர் சொல்றாரோ அங்க போடாதீங்க.

கையெழுத்தப்போ 10 பர்சென்ட், உடைச்சு முடிச்சதும் 20, வாட்டர்ப்ரூஃபிங் தண்ணி சோதனை பாத்து ஒயரிங், பைப் முடிஞ்சதும் 25, ஓடு வேலை முடிஞ்சதும் 20, கார்பெண்ட்ரி வந்து மாட்டினதும் 15, கடைசி 10 நீங்க குடியேறி குறையெல்லாம் சரி செஞ்சப்புறம். இப்படித்தான் நான் எழுதச் சொல்வேன். காண்ட்ராக்டர் கொஞ்சம் முன்னப் பின்ன கேப்பார், கார்பெண்ட்ரிக்கு மரம் வாங்கணும்பார், நியாயம்தான், பேசிக்கலாம். ஆனா எப்பவும் நடந்த வேலையைவிட குடுத்த பணம் கம்மியா இருக்கணும், அந்த மிச்சம்தான் நாளைக்கு அவர் உங்க ஃபோனை எடுக்க வைக்கும்.

எச்டிபி பதிவேட்டுல இருக்குற காண்ட்ராக்டர்னா எச்டிபியே கேரண்டின்னு நெனைச்சிருக்கீங்க, அப்படி இல்ல. அந்தப் பதிவு இல்லாதவர் பெர்மிட் வேலை செய்யக் கூடாது, அவ்வளவுதான், வேலைத் தரத்துக்கு எச்டிபி பொறுப்பேத்துக்காது. முன்பணத்துக்குப் பாதுகாப்பு வேணும்னா நுகர்வோர் சங்கம் குடுக்கற கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் உள்ள கம்பெனியைப் பாருங்க, நடுவுல கம்பெனி மூடிட்டா நீங்க கட்டின முன்பணத்துக்கு ஒரு பிணை இருக்கும், அந்தப் பத்திரம் உங்க காண்ட்ராக்டுக்குப் போட்டாச்சான்னு கேட்டு ஒரு நகல் வாங்கிக்கங்க.

தகராறுன்னு வந்தா சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கு. 20,000 வெள்ளி வரைக்கும் போகலாம், ரெண்டு தரப்பும் சம்மதிச்சா 30,000, பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள போகணும், வக்கீல் வைக்க வேண்டியதில்ல, வைக்கவும் முடியாது. அங்க பேசறது பேப்பரும் ஃபோட்டோவும்தான். அதனால வாட்ஸ்அப்ல சொன்னதையெல்லாம் அப்பப்போ ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க.

நீங்க குடுத்த அந்த 2,000 திரும்ப வருமான்னு கேட்டீங்க. கையெழுத்துப் போட்ட தாள்ல "திருப்பித் தரப்படாது"ன்னு இருந்தா கஷ்டம். இல்லைன்னா, இல்லாட்டி டிசைன் இன்னும் முழுசா தரலைன்னா, எழுத்துல கேளுங்க, பாதியாவது பேசி வாங்கலாம். வரலைன்னா போகட்டும். 2,000 போயிடுமேன்னு 76,000ல கையெழுத்துப் போட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

தீபாவளி

ஆறு வாரத்துல முடிப்பேன்னு சொன்னவரை நம்பாதீங்க. உடைக்கறது, துளை போடறது மாதிரி சத்தமான வேலை திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் காலை 9லேர்ந்து சாயங்காலம் 5 மணிக்குள்ளதான், சனிக்கிழமை கிடையாது, பொது விடுமுறையிலயும் கிடையாது, தீபாவளிக்கு முதல் நாள்கூட கூடாது. மத்த வேலை சனி வரைக்கும் 6 மணி வரை செய்யலாம், ஞாயிறு எதுவும் கூடாது. பத்துலேர்ந்து பன்னெண்டு வாரம்னு கணக்கு வைங்க. மாசம் 2,600 வாடகைன்னா மூணு மாசத்துக்கு 7,800, இதை உங்க பட்ஜெட்ல எங்கயுமே காணோம். சம்பளத்துலேர்ந்து கட்டிக்குவீங்கன்னா சரி, இல்லைன்னா அந்த 37,000 இன்னும் சுருங்கும்.

மாமியார் விஷயம் சொல்ல மறந்துட்டேன். 65 வயசுக்கு மேல இருக்குறவங்க வீட்டுல குளியலறையில கைப்பிடி, வழுக்காத தரைப் பூச்சு, வாசல்படிக்குச் சரிவு இதெல்லாம் எச்டிபியோட ஈஸ் திட்டத்துல 95 பர்சென்ட் வரைக்கும் மானியத்தோட செஞ்சு தருவாங்க, வீட்டுல ஒருத்தர் குடியுரிமை உள்ளவரா இருக்கணும், நீங்க ரெண்டு பேருமே இருக்கீங்க. காண்ட்ராக்டர் கைப்பிடிக்குத் தனியா 480 போட்டுருக்கார், அதை அடிச்சிட்டு நீங்களே விண்ணப்பம் போடுங்க. குளியலறை ஓடு ஒட்டி முடிச்சப்புறம் மாட்டறாப்புல தேதி கேளுங்க. அதோட உங்க புளோக்ல எச்ஐபி, அதாவது பழைய வீடுகள்ல குளியலறை மாதிரி இடங்களைப் புதுப்பிக்கற எச்டிபி மேம்பாட்டு வேலை ஏற்கெனவே நடந்துச்சா, இனிமே வருமான்னும் அதே கிளையில கேட்டுடுங்க, 1997 வரைக்கும் கட்டின வீடுகளுக்கு அந்தத் திட்டம் உண்டு. இனிமேதான் வரப்போகுதுன்னா இப்போ குளியலறைக்கு எவ்வளவு கொட்டறதுன்னு மறுபடி யோசிக்கணும்.

இந்த வாரம் எதுலயும் கையெழுத்து வேண்டாம். மேல் வீட்டுக்குப் போயிட்டு வாங்க, கறையை ஒரு ஃபோட்டோ எடுத்து தேதி போட்டு வைங்க, பத்து நாள் கழிச்சு அதே இடத்துல இன்னொண்ணு எடுங்க. ரெண்டையும் எனக்கு அனுப்புங்க, பெருசாயிருந்தா அடுத்து என்னன்னு சொல்றேன்.